ஊர்ப் பிரச்சினைக்குப் போராடக் கிளம்பும் முன்: முதன்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊருக்குப் பக்கத்தில் குப்பைக் கிடங்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை, வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பது. இரண்டாவது வேலை, அன்று ராத்திரியே அதில் "நாளைக் காலை 8 மணிக்குச் சாலை மறியல்" என்று போடுவது. காலையில் நாற்பது பேர் வருவார்கள். பஸ் நிற்கும். இன்ஸ்பெக்டர் வருவார், பின்னாலேயே தாசில்தார் வந்து "மேலிடத்தில் பேசி நடவடிக்கை எடுக்கிறோம்" என்பார். கூட்டம் கலையும். மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி வரும். முன்னால் நின்ற ஆறேழு பேர் மேல் எஃப்.ஐ.ஆர். விழும். கிடங்கு வேலை மட்டும் நிற்காது.

மறியல் தப்பு என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் மறியலில் உட்கார்ந்தால் இப்படித்தான் முடியும். அந்த வேலைகளைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்தை அரிட்டாபட்டியும் சுற்றுவட்டார ஊர்களும் சேர்ந்து நிறுத்தியதை அடிக்கடி இழுப்பேன். 2024 நவம்பரில் ஆரம்பித்து 2025 ஜனவரியில் முடிந்த போராட்டம் அது. நான் சொல்லப்போகும் படிகளில் பெரும்பாலானவற்றை அதில் கண்ணால் பார்க்கலாம்.

1. கையெழுத்துப் போடக்கூடியவர் யார் என்று கண்டுபிடியுங்கள்

இதற்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. நீங்கள் கேட்பதைக் கொடுக்கும் அதிகாரம் யாருடைய பேனாவில் இருக்கிறது? தாசில்தாரால் நிறுத்த முடியாத ஒன்றுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தால், அவரும் வெயிலில் நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவாரே தவிர வேறொன்றும் செய்ய முடியாது. டாஸ்மாக் கடையை மாற்ற ஆட்சியர். ஆலை இயங்க இசைவு தருவதும் மறுப்பதும் மாசு கட்டுப்பாட்டு வாரியம். குப்பைக் கிடங்கு என்றால் உள்ளாட்சி நிர்வாகம், கூடவே அதே வாரியம்.

சில விஷயங்களில் பேனா இரண்டு பேரிடம் இருக்கும். டங்ஸ்டன் அப்படிப்பட்டது. 2023இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்த வகைக் கனிமங்களை ஏலம் விடுவது ஒன்றிய அரசு. குத்தகை கொடுப்பது மாநில அரசு. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2,015.51 ஹெக்டேர், 2024 நவம்பரில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. உடனே டெல்லி, "ஏலம் நடந்தபோது மாநிலம் எதிர்ப்பே சொல்லவில்லை" என்றது. சென்னை, "நாங்கள் முன்பே கடிதம் எழுதினோம்" என்றது. ஊர்க்காரர்கள் இந்தச் சண்டையில் பக்கம் எடுக்கவில்லை. இரண்டு பேரையும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம் வந்தது. டெல்லியின் முடிவு அதற்குப் பின்னால் வந்தது.

2. கோரிக்கையை ஒரே வரியில் எழுதுங்கள்

பதினான்கு அம்சக் கோரிக்கை நோட்டீஸ்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் அம்சம் ஆலையை மூடு, ஒன்பதாவது அம்சம் தெருவிளக்கு. பேச்சுவார்த்தையில் அதிகாரி நேராக ஒன்பதாவதுக்குப் போவார். விளக்கைப் போட்டுவிட்டு "கோரிக்கைகள் பரிசீலனையில் உள்ளன, ஒரு பகுதி நிறைவேற்றப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுவார்.

மேலூர்க்காரர்களின் கோரிக்கை: டங்ஸ்டன் ஏலத்தை முழுவதுமாக ரத்து செய். அந்த "முழுவதுமாக" எவ்வளவு முக்கியம் என்பது டிசம்பர் 24ஆம் தேதி தெரிந்தது. அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். 2022இல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டுத் தொகுதியின் எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று மறுஆய்வு செய்யச் சொல்லியிருப்பதாக ஒன்றிய சுரங்க அமைச்சகம் அன்றைக்கு அறிவித்தது. கேட்பதற்கு வெற்றி மாதிரியே இருக்கும். ஒப்புக்கொண்டிருந்தால் அரிட்டாபட்டி தப்பித்திருக்கும். பக்கத்து ஊர்கள் மாட்டியிருக்கும். போராட்டக் குழு இரண்டாக உடைந்திருக்கும். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பாதி கொடுத்தால் என்ன பதில் சொல்வது என்பதை ஆரம்பத்திலேயே குழுவில் பேசி முடிவெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பேச உட்கார்ந்தால் சண்டைதான் வரும்.

3. காகிதம் சேருங்கள்

போராட்டம் என்றால் கோஷமும் கொடியும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்தப் படி அலுப்பாக இருக்கும். ஆனால் கோர்ட்டுக்குப் போனாலும், பத்திரிகையாளர் வந்தாலும், எதிர்த்தரப்பு "யாருமே ஆட்சேபிக்கவில்லை" என்றாலும் கைகொடுப்பது இந்தக் கோப்புதான்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், அதற்குக் கீழே "பார்வை" என்று ஒரு வரி வரும். புதிதாக எழுதுகிறவர்கள் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. முதல் மனுவுக்குக் கிடைத்த ரசீது எண்ணையும் தேதியையும் இரண்டாவது மனுவின் பார்வையில் எழுதுங்கள். மூன்றாவதில் முந்தைய இரண்டையும் எழுதுங்கள். ஐந்தாவது மனுவில் பார்வை மட்டுமே அரைப் பக்கம் வரும். அதைப் பிரிக்கும் எழுத்தர், இந்த ஆட்கள் விடமாட்டார்கள் என்று முதல் பார்வையிலேயே புரிந்துகொள்வார். ரசீது வாங்காமல் கொடுத்த மனு கொடுக்காத மனு. நேரில் கொடுத்ததோடு நிறுத்தாமல் ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒரு பிரதி அனுப்பி, போய்ச்சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். அது விளக்கம் கேட்பது, தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். "அனுமதி ஆணையின் நகல், ஆய்வு அறிக்கையின் நகல், கருத்துக்கேட்புக் கூட்டத்தின் பதிவேட்டு நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். கருத்துக்கேட்புப் பதிவேட்டில் செத்துப்போனவர் கையெழுத்து இருந்தால், அந்த ஒரு பக்கம் போதும், ஆயிரம் பேர் கூட்டத்துக்குச் சமம்.

4. கிராம சபையைப் பயன்படுத்துங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை. ஊர் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 2024இல் நவம்பர் 1ஆம் தேதிக் கூட்டம் தீபாவளியால் 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. ஏலச் செய்தி அதற்குள் பரவியிருந்ததால், அரிட்டாபட்டியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் ஒரே நாளில் டங்ஸ்டனுக்கு எதிராகத் தீர்மானங்கள் விழுந்தன. தள்ளிப்போன தேதி நல்லதாகப் போயிற்று.

கிராம சபையில் மூன்று விஷயங்களில் கண்ணாக இருங்கள். குறைந்தபட்ச வருகை இருக்கிறதா என்று முன்பே கணக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் தீர்மானமே செல்லாது என்பார்கள். தீர்மானத்தைத் தெளிவாக எழுதிக் கையில் கொண்டுபோங்கள். படித்ததும் பதிவேட்டில் ஏறுகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். "அப்புறம் எழுதிக்கிறேன்" என்று செயலர் சொன்னால் நீங்களும் அப்புறம் வீட்டுக்குப் போகலாம். நகலையும் கேட்டு வாங்குங்கள்.

தீர்மானம் போட்டால் திட்டம் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் 2022இலிருந்து தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டது. நிலம் எடுக்கும் வேலை நிற்கவில்லை. ஆனாலும் ஊர் என்ன நினைக்கிறது என்பதற்குச் சட்டம் ஏற்கும் சாட்சி இதைவிட வேறில்லை.

5. ஆள் சேர்ப்பது வீட்டுத் திண்ணையில் நடக்கும்

வாட்ஸ்அப்பில் "நானும் வருகிறேன்" என்று கட்டைவிரல் போட்டவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வீட்டுக்கு நேரில் போய்ப் பேசினால் வருவார்கள். தெருவுக்கு இரண்டு பேர் பொறுப்பு. அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மகளிர் குழுக் கூட்டம், நூறு நாள் வேலை நடக்கும் இடம், ரேஷன் கடை வரிசை, இங்கெல்லாம் பேசினால் ஒரே நாளில் ஊர் முழுக்கப் போய்ச்சேரும். 2017இல் நெடுஞ்சாலையிலிருந்து அகற்றிய டாஸ்மாக் கடைகளை ஊருக்குள் கொண்டுவந்தபோது பல இடங்களில் கடையை மறித்து நின்றவர்கள் பெண்கள்தான். அவர்களுக்குத் தலைவர் யாரும் வெளியூரிலிருந்து வரவில்லை.

குழுவில் யார் யார் என்பதை வைத்தே போராட்டம் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடலாம். ஊர்த்தெருக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து குழு போட்டுவிட்டு, காலனிக்காரர்களைக் கூட்டத்துக்கு மட்டும் கூப்பிட்டால் பத்தாம் நாள் அந்த விரிசலில்தான் அதிகாரி விரலை விடுவார். மேலூர்ப் பக்கம் பல ஊர்கள் சேர்ந்த "நாடு" என்ற பழைய அமைப்பும், அதன் ஊர்த் தலைவர்களான அம்பலகாரர்களும் இருந்ததால் பல ஊர்களுக்கு ஒரே நாளில் சேதி போனது. உங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்யும் அமைப்பு எது? விவசாயிகள் சங்கமா, மீனவர் பஞ்சாயத்தா, ஜமாத்தா, பங்குப் பேரவையா, வியாபாரிகள் சங்கமா? ஏற்கெனவே இருப்பதைப் பிடியுங்கள். ஆனால் பழைய அமைப்பு எதிலும் பெண்கள் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள், அதை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

கட்சிகள் வரும். வரட்டும். மேடையில் எந்தக் கொடி, யாருக்கு எத்தனை நிமிடம் மைக் என்பதை முதலிலேயே எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்லிவிடுங்கள்.

பணம். ரசீதுப் புத்தகம் அச்சடித்து, எண் போட்டு, இரண்டு பேர் கையெழுத்தில் வசூலியுங்கள். பந்தல், மைக் செட், வேன் வாடகை, டீ, வக்கீல் செலவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வாரம் ஒருமுறை பந்தலிலேயே சத்தமாகப் படியுங்கள். "வெளிநாட்டுப் பணம் வருகிறது" என்ற பேச்சு எந்தப் போராட்டத்திலும் மூன்றாவது வாரம் கிளம்பும். கூடங்குளம் அணுஉலை எதிர்ப்பில் எவ்வளவு பெரிதாகக் கிளம்பியது என்று நினைவிருக்கும்.

6. எந்த வடிவம்?

ஆர்ப்பாட்டம் என்பது ஒன்றிரண்டு மணி நேரம் நின்று கோஷம் போட்டுக் கலைவது. செலவு குறைவு, ஆபத்தும் குறைவு, முதல்முறைக்கு ஏற்றது. தர்ணா உட்காருவது. முற்றுகையும் மறியலும் கைதை எதிர்பார்த்துச் செய்பவை. வருகிறவர்களிடம் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். கடையடைப்புக்கு வியாபாரிகள் தாங்களாக ஒத்துக்கொள்ள வேண்டும். மேலூரில் கடைகள் அடைத்ததற்கு அர்த்தம் இருந்தது, கிராமங்கள் இல்லாமல் அந்த ஊர்க் கடைத்தெருவுக்கு வியாபாரம் கிடையாது. கல்லைக் காட்டி அடைக்கவைத்த கடை எண்ணிக்கையில் சேராது.

உண்ணாவிரதத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். "காலவரையற்ற" என்று நோட்டீஸில் போடுவது சுலபம். மூன்றாம் நாள் 108 வந்து குளுக்கோஸ் ஏற்றும், ஐந்தாம் நாள் பெரியவர் ஒருவர் ஜூஸ் கொடுத்து முடித்துவைப்பார், கையில் ஒன்றும் இருக்காது. அதைவிடத் தொடர் உண்ணாவிரதம் நல்லது: தினம் ஒரு தெரு, பத்துப் பேர், காலையிலிருந்து மாலை வரை. கூடங்குளம் அணுஉலைக்கு எதிராக இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன்பந்தலில் 2011இல் தொடங்கிய போராட்டம் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் ஓடியது. பீடி சுற்றும் பெண்கள் தட்டைக் கையோடு கொண்டுவந்து பந்தலில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டே போராடினார்கள். நாள் கூலியைப் பறிக்காத போராட்டம்தான் நீடிக்கும்.

அரிட்டாபட்டி விஷயத்தில் பெரிய நாள் 2025 ஜனவரி 7. நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்தை நோக்கி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தும் வண்டிகளிலும் போனார்கள். ஏன் அஞ்சலகம்? அது ஒன்றிய அரசு அலுவலகம். முதல் படியில் சொன்னேனே, பேனா யாரிடம் என்று. ஊர்வலம் எங்கே போய் முடிய வேண்டும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கும்.

7. அனுமதி

அமைதியாக, ஆயுதம் இல்லாமல் கூடும் உரிமை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவில் இருக்கிறது. அதை நெறிப்படுத்தப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. பொது இடத்தில் கூட்டமே கூடாது என்று ஒட்டுமொத்தமாகத் தடுக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1972லேயே சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 2020இல், பொதுச்சாலையைக் காலவரையின்றி அடைத்து உட்கார முடியாது என்றும் சொன்னது. இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில், குறைந்தது ஐந்து நாள் முன்பாக எழுதிக் கொடுங்கள்: இடம், நேரம், எத்தனை பேர், மைக் உண்டா, பொறுப்பாளர் பெயர். சென்னையில் வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் என்று இடம் ஒதுக்கி அனுப்புவார்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் மறுப்பு இருந்தால் உயர் நீதிமன்றம் போகலாம். நிபந்தனையோடு அனுமதி கிடைப்பது வாடிக்கை. "முடியாதுங்க" என்று வாயால் சொன்னதை வைத்து வக்கீலால் ஒன்றும் செய்ய முடியாது.

இடையில் உளவுப் பிரிவு ஏட்டு ஒருவர் டீக்கடையில் வந்து, "எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். அவர் எழுதும் எண்தான் மாலைக்குள் மேலே போகும். இரண்டாயிரம் என்று அளந்துவிட்டு நூற்றைம்பது பேரோடு நின்றால் அடுத்த முறை உங்களை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

8. அன்றைக்கு

தண்ணீர், நிழல், பெண்களுக்குக் கழிப்பறை. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் கூட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கையில் பட்டை கட்டிய தொண்டர்கள் ஐம்பது பேருக்கு ஒருவராவது வேண்டும். கோஷம் போடுபவர் யார் என்று முடிவுசெய்து, கோஷங்களையும் எழுதிக்கொடுங்கள். மைக் கிடைத்த யாரோ ஒருவர் சாதியையோ ஒரு அதிகாரியின் வீட்டுப் பெண்களையோ இழுத்தால் மறுநாள் செய்தி அதுவாகத்தான் இருக்கும். முழு நிகழ்வையும் படம் பிடிக்க இரண்டு பேர் வேறு வேறு இடத்தில் நிற்கட்டும். தெரியாத முகம் கல்லெடுத்தால் சுற்றி உட்கார்ந்துவிடுங்கள்.

தூத்துக்குடியை மறக்கக் கூடாது. குமரெட்டியாபுரம் மக்கள் 2018 பிப்ரவரியில் தொடங்கிய ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்பு, நூறாவது நாளான மே 22 அன்று ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணியாகப் போனது. 144 தடை போட்டிருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிர் போனது. மே 28ஆம் தேதி ஆலையை மூட ஆணை வந்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. துப்பாக்கிச் சூட்டின் பழி மக்கள் மேல் இல்லை. ஆனாலும் தடையாணை இருக்கும் நாளில் குழந்தைகளையும் வயதானவர்களையும் முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். வெளியேறும் வழி எது என்று ஒவ்வொரு தெருப் பொறுப்பாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

9. கைது செய்தால்

பெரும்பாலும் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, மதியம் சாப்பாடு போட்டு, மாலையில் பெயர் எழுதிக்கொண்டு விடுவார்கள். ஏறும்போதே எத்தனை பேர், எந்த மண்டபம் என்று வெளியே இருக்கும் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். வக்கீல் எண்ணைப் பேனாவால் கையில் எழுதிக்கொள்ளுங்கள், செல்போன் பறிபோகலாம். ரிமாண்ட் என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்வதற்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

போலீஸ் வேலைக்குப் படிக்கும் பையன்களையும், வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருப்பவர்களையும் முன்னால் தள்ளாதீர்கள். பந்தல் போட, நோட்டீஸ் எழுத, கணக்குப் பார்க்க ஆள் வேண்டும்தானே.

10. பேச்சுவார்த்தையும் முடிப்பதும்

பேசப் போகிறவர்கள் ஐந்து பேர் போதும். அங்கேயே முடிவு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு வேண்டாம். "ஊரில் கேட்டுச் சொல்கிறோம்" என்று எழுந்துவந்தால், தனியாகப் பேசி ஒருவரை மட்டும் மடக்கும் வேலை நடக்காது. வாக்குறுதியை எழுத்தில், கையெழுத்தோடு, தேதியோடு வாங்குங்கள். மேலூர் அம்பலகாரர்கள் டெல்லி போய் ஒன்றிய அமைச்சரைப் பார்த்த மறுநாள், 2025 ஜனவரி 23 அன்று, ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. அதுவரை போராட்டத்தை முடிக்கவில்லை.

முடிந்தது என்று அறிவிக்கும் உரிமை யாருக்கு? இதை முதல் நாளே எழுதிவையுங்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்களுக்குத் தலைவர் கிடையாது. அதுதான் அழகு என்று எல்லாரும் எழுதினோம். 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. அதை ஏற்பதா, நிரந்தரச் சட்டம் வரும் வரை இருப்பதா என்று சொல்ல ஆளில்லை. 23ஆம் தேதி காலை போலீஸ் உள்ளே வந்தது. அன்று மாலையே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆனால் அதற்குள் மாணவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த நடுக்குப்பத்தில் மீன் சந்தை எரிந்துபோயிருந்தது.

11. வழக்குகள்

ஊர் கலைந்தபின் நான்கைந்து பேர் மட்டும் கோர்ட்டுக்கு அலைவார்கள். கூடங்குளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் வழக்கு இருந்தது. அவற்றைத் திரும்பப் பெற நடவடிக்கை எடுக்கும்படி உச்ச நீதிமன்றமே 2013 மே மாதத் தீர்ப்பில் சொன்னது. அப்படியும் பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. டங்ஸ்டனில் வழக்குகளை ரத்து செய்வதாக முதல்வர் அறிவித்தார். அறிவிப்போடு வழக்கு தானாக முடிந்துவிடாது. எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் இருந்தால் போலீஸ் முடித்து அறிக்கை தர வேண்டும். கோர்ட்டுக்குப் போயிருந்தால் அரசு வக்கீல் மனுப் போட்டு, நீதிமன்றம் சம்மதிக்க வேண்டும். எனவே ஒவ்வொரு குற்ற எண்ணையும், அதில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, முடித்த ஆணையின் நகல் வரும் வரை குழுவைக் கலைக்காதீர்கள். வசூலில் மிச்சம் இருந்தால் அதை இதற்கென்று ஒதுக்கிவையுங்கள்.